வெற்றிடக் குழல் சுற்றுகளில் பற்றாசில்லா இணைப்பு

பற்றாசில்லா இணைப்பு என்பது, மின்கடத்திகளை உருகிய பற்றாசினால் ஒட்டாமல், திருகு, சுருள்வில், நெம்பு, முறுக்கு ஆகியவற்றுள் ஒன்றின் அழுத்தத்தால் மட்டும் ஒன்றையொன்று தொட்டிருக்கச் செய்யும் மின் இணைப்பு முறையாகும். பொழுதுபோக்கு மின்னணுவியலில் ஒரு சுற்றை விரைவாக அமைக்கவும், மாற்றவும், பிரிக்கவும் இம்முறை பயன்படுகிறது. பேச்சுவழக்கில் சால்டரிங் எனப்படும் பற்றவைப்பில் பழக்கமில்லாத மாணவர்களுக்கும் இது ஏற்றது.

மக்கள் வழக்கில் வால்வு எனப்படும் வெற்றிடக் குழலைக் கொண்டு அமைக்கப்படும் சோதனைச் சுற்றுகளில் இம்முறையைக் கையாளும்போது தனிக் கவனம் தேவைப்படுகிறது. திரிதடையச் சுற்றுகள் பெரும்பாலும் 5 முதல் 12 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தில் இயங்குகின்றன. வெற்றிடக் குழல் சுற்றுகளிலோ 250 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட நேர் மின்னழுத்தம் இருப்பது வழக்கம். எனவே திரிதடையச் சுற்றில் சிறு தொல்லையாக முடியும் ஒரு தளர்ந்த இணைப்பு, குழல் சுற்றில் குழலையோ மின்மாற்றியையோ பழுதாக்கலாம். உயிருக்கும் ஊறு விளைவிக்கலாம்.

## வரலாறு

1904 இல் சான் ஆம்புரோசு பிளெமிங் இருமுனையக் குழலையும், 1906 இல் லீ டி பாரசுட்டு மும்முனையக் குழலின் முன்னோடியையும் உருவாக்கினர். 1920களில் வானொலி பரவியபோது, ஆர்வலர்கள் பலர் தம் வானொலி வாங்கிகளைத் தாமே அமைத்தனர். ரொட்டி வெட்டும் மரப்பலகையின் மீது குழல் பொருத்திகள், கம்பிச்சுருள்கள், மின்தேக்கிகள் ஆகியவற்றைத் திருகி, பித்தளை முனைகளுக்கிடையே தடித்த செப்புக்கம்பியை ஓட்டுவது அக்கால வழக்கம். இன்று சோதனைப் பலகையைக் குறிக்கும் பிரெட்போர்டு என்ற சொல் இவ்வழக்கிலிருந்தே வந்தது. அமெரிக்காவின் அட்வாட்டர் கென்ட் நிறுவனம், மூடிய பெட்டியின்றி மரப்பலகை மீதே அமைந்த வானொலிகளை 1920களின் முற்பகுதியில் விற்பனை செய்தது.

இக்காலத்தில் மிகுதியாகப் பயன்பட்ட பானசுடாக் பிடி, 1907 இல் காப்புரிமை பெற்ற ஒரு சுருள்வில் பிடியாகும். விரலால் அழுத்தினால் திறந்து, விட்டால் கம்பியைக் கவ்விக்கொள்ளும் இப்பிடி, மின்கல முனைகளிலும் வானொலி வாங்கிகளின் அலைவாங்கி முனைகளிலும் இடம்பெற்றது.

தமிழர் வாழும் பகுதிகளில் வானொலியின் தொடக்கமும் ஆர்வலர்களின் முயற்சியாகவே அமைந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முன்முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு சூலை 31 அன்று 40 வாட் திறனுள்ள பரப்பியைக் கொண்டு அது ஒலிபரப்பைத் தொடங்கியது. நிதிப் பற்றாக்குறையால் 1927 இல் கழகம் செயலிழந்தது. பின்னர் 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. இலங்கையில் எட்வர்டு ஆர்ப்பர் முன்னின்று நடத்திய சோதனை ஒலிபரப்புக்கான பரப்பியை, கைப்பற்றப்பட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு தந்தித் துறைப் பொறியாளர்கள் அமைத்தனர். கொழும்பில் முறையான ஒலிபரப்பு 1925 திசம்பர் 16 அன்று தொடங்கியது.

இந்தியாவில் வானொலி வாங்கிகளுக்கான குழல்களை பெங்களூரிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்சு நிறுவனம் 1961 முதல் உற்பத்தி செய்தது. அடுத்த ஆண்டிலேயே அந்நிறுவனம் செருமானியக் குறைகடத்திகளையும் தயாரிக்கத் தொடங்கியது. திரிதடையங்களும் தொகுப்புச் சுற்றுகளும் பரவிய பின், துளைகள் கொண்ட இன்றைய நெகிழிச் சோதனைப் பலகை தோன்றியது. இதன் வடிவமைப்புக்கு ரொனால்டு போர்ச்சுகல் 1971 இல் விண்ணப்பித்து, 1973 இல் காப்புரிமை பெற்றார். தொகுப்புச் சுற்றின் கால்களுக்கேற்ப 2.54 மில்லிமீட்டர் இடைவெளியுடன் அமைக்கப்பட்ட இப்பலகை, வெற்றிடக் குழலை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டதன்று.

## குழல் சுற்றின் நான்கு வகை இணைப்புகள்

ஒரு குழலுக்குச் செல்லும் இணைப்புகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. ஒவ்வொன்றின் தேவையும் வேறுபடுவதால், ஒரே வகை இணைப்பானை எல்லா இடங்களிலும் பயன்படுத்துவது பொருத்தமன்று.

* சூடேற்றி இணைப்பு: மின்னழுத்தம் குறைவு, மின்னோட்டம் அதிகம். 6.3 வோல்ட்டில் இசிசி83 குழலுக்கு 0.3 ஆம்பியரும், 6வி6 குழலுக்கு 0.45 ஆம்பியரும், இஎல்34 குழலுக்கு 1.5 ஆம்பியரும் தேவைப்படுகின்றன.
* நேர்மின்வாய் இணைப்பு: மின்னழுத்தம் அதிகம், மின்னோட்டம் பெரும்பாலும் சில மில்லிஆம்பியர் மட்டுமே. இங்கு நல்ல காப்பும், கை படாத மறைப்பும் முதன்மையானவை.
* வலை இணைப்பு: கிரிட் எனப்படும் கட்டுப்பாட்டு வலையில் மின்னோட்டம் ஏறத்தாழ இல்லை. ஆனால் மிகச்சிறு கசிவும், வேண்டாத மின்தேக்கமும் இதனைப் பாதிக்கும். இவ்விணைப்பு குறுகியதாக இருத்தல் வேண்டும்.
* எதிர்மின்வாய் இணைப்பு: மின்னழுத்தமும் மின்னோட்டமும் குறைவு. சோதனையின்போது அடிக்கடி மாற்றப்படும் மின்தடையம் பெரும்பாலும் இங்கேயே இருக்கும்.

## இணைப்பு முறைகள்

### திருகு முனையங்கள்

மின்பொருள் கடைகளில் கனெக்டர் என்ற பெயரில் கிடைக்கும் நெகிழி அல்லது பீங்கான் திருகு முனையங்கள் சூடேற்றி இணைப்புக்கும் நேர்மின்வாய் இணைப்புக்கும் ஏற்றவை. மின்தடையத்தின் மெல்லிய காலைத் திருகு சரியாகக் கவ்வாதெனின், காலை இரண்டாக மடித்துச் செருகலாம். பல இழைக் கம்பியின் நுனிக்கு முன்னதாகவே பற்றாசு பூசித் திருகின் அடியில் வைப்பது பிழையாகும். பற்றாசு மென்மையான உலோகம் என்பதால் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும்; சில நாட்களில் இணைப்பு தளரும். அதற்கு மாறாக, கம்பி நுனியில் லக் ஒன்றை அழுத்திப் பொருத்துதல் நன்று.

குழலின் வெப்பத்தால் முனையங்கள் விரிந்து சுருங்குவதால், முதல் சில மணி நேர இயக்கத்திற்குப் பின், மின்சாரத்தை நிறுத்தித் திருகுகளை மீண்டும் இறுக்க வேண்டும்.

### ரிலே அடித்தளம்

மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் நேரக் கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் பயன்படும் எட்டு முள் ரிலேயின் அடித்தளம், 1935 இல் ஆர்சிஏ நிறுவனம் அறிமுகப்படுத்திய ஆக்டல் குழல் அடியின் அதே வடிவம் கொண்டது. நடுவிலுள்ள வழிகாட்டித் தண்டும் முள்களின் வரிசையும் ஒன்றே. எனவே 6எஸ்என்7, 6வி6, இஎல்34 போன்ற ஆக்டல் குழல்களை இவ்வடித்தளத்தில் நேரடியாகச் செருகலாம். ஒவ்வொரு முள்ளுக்கும் எண்ணிட்ட திருகு முனையம் உள்ளதால், பற்றவைப்பே இல்லாமல் குழலுக்கு இணைப்புக் கொடுக்க இயலும். 6வி6, இஎல்34 ஆகியவற்றின் சூடேற்றி முள்களான 2, 7 ஆகியவையே ரிலேயின் சுருள் முள்களும் ஆகும்.

முனையங்கள் அடித்தளத்தின் மீது எண் வரிசைப்படி அமைந்திருப்பதில்லை. ஆகையால் இடத்தைக் கொண்டு ஊகிக்காமல், பொறிக்கப்பட்ட எண்ணைப் படித்தே இணைக்க வேண்டும். பதினோரு முள் அடித்தளம் ஆக்டல் குழலுக்குப் பொருந்தாது. கன்னிவாடி போன்ற சிற்றூர்களில் குழல் பொருத்தி கிடைப்பது அரிது. ஆனால் மோட்டார் கட்டுப்பாட்டுப் பொருட்கள் விற்கும் கடைகளில் இவ்வடித்தளத்தைத் தேடலாம். ஏழு முள், ஒன்பது முள் கொண்ட சிறுகுழல்களுக்கு அவற்றுக்குரிய பொருத்திகள் தேவை. திருகு முனையம் இணைக்கப்பட்ட அச்சுப்பலகையுடன் கூடிய பொருத்திகளும் விற்பனையில் உள்ளன.

### நெம்பு இணைப்பான்

நெம்பைத் தூக்கிக் கம்பியைச் செருகி மூடும் வகை இணைப்பான்கள் வீட்டு மின்னிணைப்புக்காக உருவாக்கப்பட்டவை. வேகோ நிறுவனத்தின் 221 வகை 450 வோல்ட் வரை தாங்கும், 0.2 சதுர மில்லிமீட்டர் முதல் கம்பிகளை ஏற்கும். 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள மின்தடையக் காலின் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 0.28 சதுர மில்லிமீட்டர் என்பதால் அதுவும் இதில் அடங்கும். உலோகம் வெளியே தெரியாததால், உயர் மின்னழுத்த முனைகளுக்கு இது சிறந்த முறையாகும்.

### சுருள்வில் பிடியும் முதலைப்பிடியும்

சுருள்வில் பிடிகள் எதிர்மின்வாய், வலை ஆகிய குறைந்த மின்னழுத்த முனைகளில் பயன்படத்தக்கவை. முதலைப்பிடி எளிதில் வழுக்கிக் கழல்வதோடு, பிடித்த இடத்தின் அருகிலுள்ள முள்ளையும் தொட்டுவிடும். ஆகவே அதனை உயர் மின்னழுத்தத்தில் பயன்படுத்துதல் கூடாது. அளவீட்டின்போது அளவியின் எதிர்முனையைத் தரை முனையுடன் பிடித்து வைக்க மட்டும் அது ஏற்றது.

### முறுக்கு இணைப்பு

சதுரத் தூணின் கூர்விளிம்புகளைச் சுற்றிக் கம்பியை இறுக்கமாக முறுக்கும் முறை 1950களில் பெல் ஆய்வகத்தில் வளர்ச்சியுற்றது. தொலைபேசி நிலையங்களிலும் கணினிகளிலும் பெருமளவில் பயன்பட்டது. இது நம்பகமானது. எனினும் இதற்கெனப் பயன்படும் மெல்லிய கம்பி, சூடேற்றியின் மின்னோட்டத்திற்குப் போதுமானதன்று.

### துளைச் சோதனைப் பலகை

நெகிழிச் சோதனைப் பலகையின் கவ்விகள் ஏறத்தாழ 0.3 முதல் 0.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பிகளுக்கானவை. தடித்த கால்களைத் திணித்தால் கவ்வி நிலையாக விரிந்துவிடும். ஏபிஎசு நெகிழி ஏறத்தாழ 100 °செ வெப்பநிலையில் இளகத் தொடங்குவதால், சூடான குழலையோ திறன் மின்தடையத்தையோ ஒட்டி வைக்கலாகாது. குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் குழல்களுக்கு மட்டும் இப்பலகை உகந்தது. மகிழுந்து வானொலிக்காக வடிவமைக்கப்பட்ட இசிசி86 குழல் 6.3 அல்லது 12.6 வோல்ட் நேர்மின்வாய் அழுத்தத்திலேயே இயங்கக்கூடியது. மாணவர்களின் முதல் சோதனைக்கு இத்தகைய குழல் பாதுகாப்பானது.

## தொடு மின்தடை

அழுத்த இணைப்பில் இரு உலோகப் பரப்புகள் சில புள்ளிகளில் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. துருவோ தளர்வோ ஏற்படின் தொடு மின்தடை உயரும். எடுத்துக்காட்டாக, 1.5 ஆம்பியர் பாயும் சூடேற்றி இணைப்பின் இரு முனைகளிலும் தலா 0.1 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். மொத்த இழப்பு 0.3 வோல்ட். குழலுக்குக் கிடைப்பது 6.3 வோல்ட்டுக்குப் பதிலாக 6.0 வோல்ட் மட்டுமே. ஒவ்வொரு முனையிலும் 0.225 வாட் வெப்பமாக வெளிப்படும். அவ்வெப்பம் சுருள்வில்லின் விறைப்பைக் குறைத்து, இணைப்பை மேலும் தளர்த்தும்.

ஆதலால் சூடேற்றி மின்னழுத்தத்தை மின்மாற்றியின் முனையில் அளப்பது போதாது. குழல் பொருத்தியின் முனையிலேயே அளக்க வேண்டும்.

## வேண்டாத மின்தேக்கம்

சோதனைப் பலகையின் அடுத்தடுத்த வரிசைகளுக்கிடையே சில பிக்கோபாரடு மின்தேக்கம் உண்டு. வலையும் நேர்மின்வாயும் அடுத்தடுத்த வரிசைகளில் அமைந்தால், மில்லர் விளைவினால் இம்மின்தேக்கம் பெருக்கத்திற்கேற்ப மிகுந்து தோன்றும்.

இசிசி83 குழலின் வலைக்கும் நேர்மின்வாய்க்கும் இடையிலான மின்தேக்கம் 1.6 பிக்கோபாரடு. மின்னழுத்தப் பெருக்கம் 60 எனில், உள்ளீட்டில் அது 61 மடங்காகி ஏறத்தாழ 98 பிக்கோபாரடாகத் தோன்றும். 100 கிலோஓம் மூல மின்தடையுடன் சேரும்போது, பெருக்கம் ஏறத்தாழ 16 கிலோஏர்ட்சில் குறையத் தொடங்கும். பலகை மேலும் 2 பிக்கோபாரடைச் சேர்த்தால் இவ்வெல்லை ஏறத்தாழ 7 கிலோஏர்ட்சாக இறங்கிவிடும். ஒலி மங்கலாகக் கேட்பதற்குக் குழலைக் குறைகூறும் முன், வலை இணைப்பை நேர்மின்வாய் இணைப்பிலிருந்து விலக்கிப் பார்க்க வேண்டும்.

## ஈரமும் கசிவும்

மரப்பலகை உலர்ந்திருக்கும்போது மட்டுமே நல்ல காப்புப் பொருளாகும். பழனி மலையடிவாரத்திலுள்ள கன்னிவாடியின் கோடையில் ஒழுங்காக இயங்கும் ஒரு பலகைச் சுற்று, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் மூடுபனியில் பிழையாக இயங்கக்கூடும். இதற்குக் காரணம் மரம் ஈர்த்துக்கொள்ளும் ஈரமாகும்.

200 வோல்ட் உள்ள நேர்மின்வாய் முனைக்கும் வலை முனைக்கும் இடையே ஈரமரம் 100 மெகாஓம் கசிவுப் பாதையை ஏற்படுத்துவதாகக் கொள்வோம். வலைக்கும் தரைக்கும் இடையே 1 மெகாஓம் மின்தடையம் இருப்பின், வலையின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ட் உயரும். இசிசி83 போன்ற குழலின் சார்பு மின்னழுத்தமே 1 முதல் 2 வோல்ட் அளவுதான் என்பதால், அக்கசிவு அதனை முற்றிலும் நீக்கிவிட வல்லது. 100 மெகாஓம் என்பது பொதுவான பன்முக அளவி பலவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகையால், அளவி கசிவே இல்லை எனக் காட்டும்.

1920களின் ஆர்வலர்கள் மரப்பலகையை உருகிய மெழுகில் ஊறவைத்தனர். முதன்மையான முனைகளை எபோனைட்டு அல்லது பேக்கலைட்டுத் தகட்டின் மீது அமைத்தனர். இன்று பீங்கான் முனையத்தைப் பயன்படுத்துவதும், வலைக்கும் நேர்மின்வாய்க்கும் தனித்தனி முனையப் பட்டைகளை அமைப்பதும் இதே நோக்கத்தை நிறைவேற்றும்.

## இணைப்பு கழலும்போது

பற்றாசில்லா இணைப்பு என்றேனும் கழலும் என்ற எண்ணத்துடனேயே சுற்றை வடிவமைக்க வேண்டும். கழலும் இடத்தைப் பொறுத்து விளைவு மாறுபடும்.

* எதிர்மின்வாய் மின்தடையம் கழன்றால், குழலின் மின்னோட்டம் ஏறத்தாழ நின்றுவிடும். ஒலி நிற்கும், பொதுவாகக் குழலுக்குக் கேடில்லை.
* வலை மின்தடையம் கழன்றால், வலையின் மின்னழுத்தம் கட்டுப்பாடின்றி அலையும். திறன் குழல்களில் மின்னோட்டம் மிகுந்து நேர்மின்வாய் செந்நிறமாக ஒளிரலாம்.
* தனி வழங்கலிலிருந்து வரும் எதிர்ச் சார்பு மின்னழுத்தக் கம்பி கழன்றால், திறன் குழல் சிறிது நேரத்தில் பழுதடையும்.
* 6வி6 போன்ற குழல்களில் நேர்மின்வாய்க் கம்பி கழன்று, திரைவலைக் கம்பி மட்டும் இணைந்திருந்தால், மின்னோட்டம் திரைவலை வழியே பாய்ந்து அதனைச் சூடாக்கிக் கெடுக்கும்.
* ஒலிபெருக்கிக் கம்பி கழன்ற நிலையில் வலிமையான குறிகை கொடுக்கப்பட்டால், வெளியீட்டு மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் மிகை மின்னழுத்தம் தோன்றிக் காப்பு சிதையலாம்.
* வழங்கல் மின்தேக்கியின் மின்னிறக்க மின்தடையம் கழன்றால், வெளியே எவ்வித அறிகுறியும் தெரியாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கி மின்னேற்றத்துடன் காத்திருக்கும்.

கடைசியாகக் கூறப்பட்டதே மிகவும் இடர் மிகுந்தது. எனவே மற்ற இணைப்புகள் அனைத்தும் பற்றாசில்லாமல் அமைந்தாலும், மின்னிறக்க மின்தடையத்தை மின்தேக்கியின் முனைகளிலேயே நேரடியாகப் பற்றவைப்பது பரிந்துரைக்கத்தக்கது.

## எடுத்துக்காட்டுச் சுற்று

6எஸ்என்7 குழலின் ஒரு பாதியைக் கொண்டு அமையும் எளிய ஒலிப் பெருக்கியை எட்டு முள் ரிலே அடித்தளத்தில் அமைக்கலாம். வழங்கல் 250 வோல்ட் நேர்மின்னழுத்தம்.

* முனை 4 (வலை): 470 கிலோஓம் மின்தடையம் வழியாகத் தரைக்கு, உள்ளீட்டுக் குறிகையும் இங்கேயே.
* முனை 5 (நேர்மின்வாய்): 47 கிலோஓம், 1 வாட் மின்தடையம் வழியாக வழங்கலுக்கு, வெளியீடு 0.1 மைக்ரோபாரடு, 400 வோல்ட் மின்தேக்கி வழியாக.
* முனை 6 (எதிர்மின்வாய்): 1.5 கிலோஓம் மின்தடையமும் அதற்குப் பக்க இணைப்பாக 47 மைக்ரோபாரடு, 25 வோல்ட் மின்தேக்கியும் தரைக்கு.
* முனைகள் 7, 8 (சூடேற்றி): 6.3 வோல்ட், 0.6 ஆம்பியர்.

சுற்று சரியாக இயங்கும்போது ஏறத்தாழ 2.5 மில்லிஆம்பியர் பாயும். எதிர்மின்வாயில் ஏறத்தாழ 4 வோல்ட்டும், நேர்மின்வாயில் ஏறத்தாழ 130 வோல்ட்டும் இருக்கும். மின்னழுத்தப் பெருக்கம் ஏறத்தாழ 15. நேர்மின்வாயில் முழு 250 வோல்ட்டும் காணப்பட்டால் குழலில் மின்னோட்டம் இல்லை என்று பொருள்; எதிர்மின்வாய் இணைப்பையும் சூடேற்றி இணைப்பையும் முதலில் பார்க்க வேண்டும். நேர்மின்வாயில் மின்னழுத்தமே இல்லையெனின், 47 கிலோஓம் மின்தடையத்தின் இணைப்பை ஆராய வேண்டும்.

## பாதுகாப்பு

250 வோல்ட்டில் மின்னேற்றப்பட்ட 47 மைக்ரோபாரடு மின்தேக்கியில் ஏறத்தாழ 1.5 சூல் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. 100 கிலோஓம் மின்னிறக்க மின்தடையம் இருப்பின், இம்மின்னழுத்தம் 50 வோல்ட்டாகக் குறைய ஏறத்தாழ 7.6 வினாடிகள் ஆகும். அம்மின்தடையத்தில் 0.625 வாட் செலவாவதால் 2 வாட் திறனுள்ளதைப் பொருத்த வேண்டும்.

* இந்தியாவின் 230 வோல்ட் மின்வழங்கலைச் சுற்றுடன் நேரடியாக இணைத்தல் கூடாது. தனிமைப்படுத்தும் மின்மாற்றி கட்டாயம். மின்மாற்றியின்றி இயங்கிய பழைய வானொலிகளின் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் இருக்கக்கூடும்.
* மின்மாற்றியின் முதன்மை இணைப்பு, உருகி, நிலமிணைப்பு ஆகியவை மூடிய பெட்டிக்குள் நிலையாக அமைய வேண்டும். இவை சோதனைக்குரிய இணைப்புகள் அல்ல.
* மின்சாரம் உள்ளபோது எந்தக் கம்பியையும் மாற்றுதல் கூடாது. நிறுத்திய பின்னும், அளவியால் மின்தேக்கியை அளந்து உறுதி செய்த பின்னரே கைவைக்க வேண்டும்.
* திருகுத் தலைகள் வெளியே தெரியும் முனையங்களைக் காப்புத் தகட்டால் மூட வேண்டும்.
* மாணவர்கள் 30 வோல்ட்டுக்குக் குறைவான சுற்றுகளில் பழகிய பின்னரே, அனுபவமுள்ளவர் உடனிருக்க, உயர் மின்னழுத்தச் சுற்றுகளை மேற்கொள்ள வேண்டும்.

## பற்றவைப்புடன் ஒப்பீடு

பற்றவைத்த இணைப்பு நீண்டகாலம் நிலைப்பது, இடம் குறைவாகக் கொள்வது, அதிர்வைத் தாங்குவது. பற்றாசில்லா இணைப்பில் உறுப்புகள் வெப்பத்தால் கெடுவதில்லை. கால்கள் வெட்டப்படாததால் மீண்டும் மீண்டும் பயன்படுகின்றன. ஒரு மின்தடையத்தின் மதிப்பை மாற்றி விளைவைக் காண ஓரிரு நிமிடங்களே போதும். சோதனை முடிந்து சுற்றின் மதிப்புகள் உறுதியான பின், அதனைப் பற்றவைத்து உலோகச் சட்டத்தில் நிலையாக அமைப்பது பொதுவான வழக்கமாகும்.

## இவற்றையும் பார்க்கவும்

* வெற்றிடக் குழல்
* மும்முனையக் குழல்
* பற்றவைப்பு
* மில்லர் விளைவு
* மின் காப்பு
* சென்னை மாகாண வானொலிக் கழகம்